வெளிச்சத்தில் பிடித்த தாள்

மாலை நான்கு நாற்பது. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடிக் கதவு திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, மடிக்கணினித் திரையில் ஒரு பழுப்புத் தாள். பின்னாலிருந்து விளக்குப் பிடித்து எடுத்த படம். எழுத்துகளுக்கு அடியில், தாளுக்குள்ளேயே, ஒரு கேடயத்தின் வடிவம் மங்கலாகத் தெரிந்தது.

“வாங்கோ அண்ணை. நீங்கள் பேப்பருக்கு எழுதினதை நிப்பாட்டுங்கோ,” என்றார் அந்த வீட்டு ரீச்சர்.

அவர் சுற்றுலா வழிகாட்டிகளுக்கு ரஷ்ய மொழி கற்பிப்பவர். கொட்டாஞ்சேனையில் பிறந்து மொஸ்கோவில் படித்தவர். ரஷ்ய மொழிக்குள் உணவுப் பெயர்கள் எப்போது நுழைந்தன என்பதைப் பழைய பத்திரங்களைக் கொண்டு காட்டும் ஆய்வேட்டை அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கு அடுத்த வாரம் கையளிக்க இருந்தார். அதில் சிறந்த அத்தியாயம் அரிசி பற்றியது. ரஷ்யர்கள் முன்பு அரிசியைச் ‘சாரசேனத் தினை’ என்றார்கள். கிழக்கத்திய வியாபாரிகளின் பெயரால் வந்த பெயர். ‘ரிஸ்’ என்ற குறுஞ்சொல் பிறகு மேற்கிலிருந்து வந்தது. அகராதிகள் சொல்லும் காலத்துக்கு முன்பே அது வழங்கியது என்று, ஒரு மடத்தின் சமையற்கட்டுச் செலவுப் பதிவை வைத்து அவர் காட்டியிருந்தார். ஞாயிறு இதழுக்கு நான் எழுதியிருந்தது அதைப் பற்றித்தான்.

“பதிவு பொய்யோ, ரீச்சர்?”

“பொய்யில்லை. பிரதி.”

சந்தேகம் வந்த வழியைச் சொன்னார். ஒரு காணி அலுவலுக்காகத் தகப்பனாரின் பிறப்புப் பதிவுக்குப் பிரதி எடுத்திருந்தார். பிறந்த இடமாகக் கொட்டாஞ்சேனைத் தெரு ஒன்றின் இன்றைய பெயர் இருந்தது. தகப்பனார் பிறந்த காலத்தில் அந்தத் தெருவுக்கு வேறு பெயர். பிரதி எழுதியவர் தனக்குப் பழகிய பெயரைப் போட்டிருந்தார்.

“அப்பதான் யோசிச்சன், மடத்திலயும் இப்பிடி ஒருத்தர் இருந்திருப்பாரே எண்டு.”

தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுத்து அனுப்பும்படி ஆவணக் காப்பகத்துக்கு எழுதினார். படம் அன்று வந்தது. கேடயம், தாள் செய்த ஆலையின் சின்னம். அந்த ஆலையோ, பதிவின் தலைப்பிலுள்ள ஆண்டுக்கு இரண்டு தலைமுறை பிந்தியது. பழைய பதிவைப் புதிய தாளில் எடுத்தெழுதியவர் தன் காலத்துச் சொல்லை எழுதியிருக்கலாம். ஆகவே அது சாட்சியாக நிற்காது.

துறைமுகப் பக்கம் கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை செய்யும் அவருடைய கணவர் தேநீருடன் வந்தார்.

“அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ. தாளை வெளிச்சத்தில பிடிக்கச் சொல்லி ஆரும் இவவைக் கேட்டவையே?”

“கேக்கேல்லை,” என்றார் ரீச்சர்.

“சோதிக்கிற ஆக்கள் பாப்பினமே?”

“பாக்கமாட்டினம்.”

“பிறகென்ன விசர் உமக்கு? ரஷ்யாக்காரன் அரிசியை என்னெண்டு சொன்னா எங்களுக்கென்ன? நீர் ஆராய்ச்சி தொடங்கின நாளில இருந்து இந்த வீட்டில சோறு காய்ச்சுறது நான். அதுக்கு ஒரு பத்திரமும் இல்லை.”

“அதுக்கு நான் சாட்சி,” என்று சிரித்தார் ரீச்சர். பிறகு சிரிப்பை நிறுத்தி, “தெரிஞ்சுகொண்டு குடுக்கேலாதப்பா. நாளைக்கு ஆரோ ஒரு பிள்ளை என்னை நம்பி அந்த ஆண்டை அகராதியில போடும்,” என்றார்.

கணவர் என்னைப் பார்த்தார். நான் தேநீரைக் குடித்தேன்.

பத்திரிகை அலுவலகத்தில் என் காலம் முழுதும் கழிந்தது. பிறர் பிழை பிடித்த பின் திருத்தம் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தன் முதற்பக்கச் செய்தியை, யாரும் கேட்காமல், தானே சோதித்துத் தானே தூக்கியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். முகத்தில் வீரம் எதுவும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேராசிரியருக்கு ரஷ்ய மொழியில் நான்கு வரி தட்டினார். எனக்காகத் தமிழில் சொன்னார்: ஆதாரம் பிந்தியது, அத்தியாயத்தை மீளப்பெறுகிறேன், படம் இணைத்துள்ளேன், மன்னிக்கவும். கீழே கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் போன சத்தம் அடங்கியதும் அனுப்பினார்.

அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதும்படி பதில் வந்தது. ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போனது. இப்போது அதன் அட்டவணையில் ‘ரிஸ்’ என்ற சொல்லுக்கு நேரே, அகராதியில் முன்பிருந்த ஆண்டே இருக்கிறது.