கறுப்புக் கோட்டில் மஞ்சள்

பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடம் ஷிப்ட் வேலை பார்த்தவள் நான். ஜொகூர் பாருவில் புதிதாகத் திறக்கவிருந்த சொகுசு அங்காடியில் வேலை கிடைத்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அதிலும் திறப்பு விழாவன்று வாசலில் நின்று விருந்தினருக்கு அங்காடியின் வரலாற்றைச் சொல்லப்போவது நான்தான்!

வரலாற்றைக் கரைத்துக் குடித்திருந்தேன். எங்கோ ஒரு மூலையில் ஒரே ஒரு துணிக்கடை. பிறகு தொப்பி, கையுறை, வாசனைத் திரவியம். இன்று பல நாடுகளில் கிளைகள், கைப்பை முதல் கட்டில் விரிப்பு வரை நான்கு மாடி. அடுப்படியில் நின்று அம்மாவிடம் ஒப்பித்துக் காட்டினேன்.

"அவ்ளோ பெரிய கடையில ஊறுகா இருக்கா?" என்றார், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"இருக்கும்மா. கீழ்மாடியில ஆலிவ் ஊறுகா."

"அதுல காரமே இருக்காது" என்று அங்காடியை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

எங்கள் மேலாளர் ஒரு சீனப் பெண்மணி. சிரித்து நான் பார்த்ததில்லை. சீருடையாகத் தந்த கறுப்புக் கோட்டில் ஒரு கறை இருந்தாலும் வாசலில் இடமில்லை, கிடங்கில் பெட்டி பிரிக்கத்தான் போகவேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

திறப்பு விழாக் காலையில் எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், என் முன்னால் நின்றார். கழுத்துப்பட்டையைத் தூக்கினார்.

"இது என்ன?" என்றார் மலாய் மொழியில்.

மஞ்சள். வைத்தவள் நானேதான். தீபாவளிச் சட்டையோ தொழிற்சாலைச் சீருடையோ, மஞ்சள் வைக்காமல் புதுத்துணி உடுத்தியதே இல்லை. உள்பக்கம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று குழைத்து வைத்தேன். அவசரத்தில் கொஞ்சம் அதிகமாகிவிட்டது போல, வெளியே கசிந்திருந்தது. முகப்பூச்சு என்று சொல்லிவிடலாமா? பொய் வாய்வரை வந்தது.

"புதுத்துணிக்கு மஞ்சள் வைக்கிறது எங்க பழக்கம், மேடம். நல்லது நடக்கணும்னு" என்றேன் மலாயிலேயே.

அவர் ஈரத்தாளை எடுத்து வெளிப்பக்கக் கறையை மட்டும் துடைத்தார். கிடங்குக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன், கண்ணில் நீர் முட்டியது. அவர் உள்பக்கம் ஈரம் காயாமலிருந்த மஞ்சளில் கட்டைவிரலை அழுத்தினார். பிறகு அந்த விரலைத் தன் கழுத்துப்பட்டைக்குள் நுழைத்துத் தேய்த்துக்கொண்டார்.

"நான் பொறுப்பெடுக்கிற முதல் கடை இது" என்றார் மெல்ல. "வாசலுக்குப் போ லா. கதவைத் திறக்கணும்."