கூலியோடு வந்த புகையிலை

சுசீந்திரத்துக்குத் தெற்கே வள்ளிநாயகம் பிள்ளையின் வயல்களில் நாற்று நடுகிறவள் ஞானபாய். 1950இல் அவளுக்கு முப்பத்தைந்து வயது. உமிக்கரியால் பல் தேய்க்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் வரும். ஒரு பல் ஆடத் தொடங்கியதும் பயந்துபோய்க் கோட்டாற்றுக்கு நடந்தாள். பயம் அழகைப் பற்றியதல்ல. அவள் வீட்டு அடுப்பில் பெரும்பாலும் வேகிறது காயவைத்த மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு. எவ்வளவு வெந்தாலும் அதை மென்றுதான் தின்ன வேண்டும். பல் போன பண்ணையாருக்குக் குழைந்த சோறு உண்டு. பல் போன கூலிக்காரிக்கு என்ன உண்டு?

கோட்டாற்றுப் பல் மருத்துவர் கிளீட்டஸ் புதன்கிழமைகளில் ஏழைகளிடம் காசு வாங்குவதில்லை. மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு, பல் பல்லாக ஆழம் பார்த்தார். படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார்.

"பொகையில போடுவியா?"

"கூலியில அதும் சேத்தி டாக்டரே. மத்தியானம் கஞ்சி கெடையாது, ஒரு துண்டு பொகையிலதான். வாயில அடக்குனா பசி செத்துப்போவும்."

"பசி சாவாது. பல்லுதான் சாவும். இடது பக்கம் கடவாப்பல்லு ரெண்டும் எப்படியும் போவும், எலும்பு கரைஞ்சாச்சு. மத்ததக் காப்பாத்தலாம். பொகையிலய விடணும், மூணு மாசத்துக்கு ஒருக்கா இங்க வரணும். ரெண்டுல ஒண்ணு தவறினாலும் அஞ்சாறு வருசத்துல வாயில ஒண்ணும் மிஞ்சாது."

"எல்லாம் போனா உமக்கும் சோலி மிச்சம்" என்று சிரித்தாள் ஞானபாய். ஆனால் மறுநாளே புகையிலையை விட்டாள்.

வரப்பில் குடையோடு நின்று புகையிலை கொடுப்பவர் வள்ளிநாயகம் பிள்ளையே. அவள் கை நீட்டவில்லை.

"வேண்டாம் ஏமானே. இதுக்குப் பதிலா ஒரு செரட்டை கஞ்சி தந்தாப் போரும்."

நாற்று முடிகளோடு நின்ற பெண்கள் நிமிர்ந்தார்கள். "எங்களுக்கும் அப்படியே தந்திருங்க" என்றது ஒரு குரல்.

"ஏட்டி, எவன் ஒனக்கு இதச் சொல்லித் தந்தான்? சங்கக்காரனா?"

"பல்லு டாக்டரு ஏமானே."

வயலே சிரித்தது. பிள்ளையால் பொறுக்க முடியாதது கஞ்சி அல்ல, அந்தச் சிரிப்பு.

"அப்போ அவன் வயல்லயே போய் நடு."

அந்தக் கும்பப்பூப் போகம் முழுக்க நடவுக்கு அவளை எந்தப் பண்ணையிலும் கூப்பிடவில்லை. வேலை இல்லாததால் கோட்டாற்றுக்குத் தவறாமல் போனாள். ரத்தம் நின்றது, ஆட்டம் குறைந்தது. கிளீட்டஸ் மகிழ்ந்துபோனார். வாயில் பல் உறுதியாக இருந்தது. கடிக்கத்தான் ஒன்றும் இல்லை.

அடுத்த போகமான கன்னிப்பூ நடவில் அவள் வரப்பருகே கைகட்டி நின்றாள். பிள்ளை ஒரு புகையிலைத் துண்டை வரப்பில் போட்டார்.

"எடுத்து வாயில வையி. எல்லாரும் பாக்கட்டு. இனி புதங்கெழம கோட்டாறுன்னு கெளம்பினா, அத்தோட போயிரணும்."

ஞானபாய் குனிந்து எடுத்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

கிளீட்டஸின் கணிப்பு பொய்க்கவில்லை. முதலில் கடைவாய்ப்பற்கள், பிறகு முன்பற்கள். ஆனால் அவருடைய கம்பி ஈறின் ஆழத்தைத்தான் அளந்தது, வரப்பில் நின்றவரின் அதிகாரத்தை அளக்கவில்லை.

இது 1956. எல்லை மாறி, நாஞ்சில் நாடு தமிழகத்தோடு சேர்ந்துவிட்டது. அந்த வரப்பில் எதுவும் மாறவில்லை. ஞானபாய் வெந்த கிழங்கை அம்மியில் அரைத்து, கரைத்துக் குடிக்கிறாள். நாளுக்கு நாள் மெலிகிறாள். மத்தியானம் புகையிலைத் துண்டு மட்டும் தவறாமல் வருகிறது. அதை அடக்கிக்கொள்ளப் பல் வேண்டியதில்லை.