டிஸ்க் மேல் குங்குமம்

லியோனார்டுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். ராயபுரத்து வீட்டில் அவன் குரல் இறங்கினால் மனைவி ரோசி ஜன்னலைச் சாத்துவாள். திருவொற்றியூர் பம்பு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் அது யாருக்கும் தெரியாது. எழுபத்து நான்காம் வருஷம் விஜயதசமியன்று தெரிந்தது.

அவன் அங்கே ஆபரேட்டர். தட்டுகளை அடுக்கியதுபோல் இருக்கும் டிஸ்க்கில்தான் எல்லாப் பதிவும் இருந்தது. சம்பளத்துக்கு ஒரு பகுதி, தற்காலிகத் தொழிலாளர்களின் வருகைக்கு ஒரு பகுதி. எது எங்கே தொடங்குகிறது என்பதை டிஸ்க்கிலேயே இருக்கும் அட்டவணை சொல்லும். பூஜைக்கு முந்தின வாரம் அந்த அறையின் அதிகாரி வேலப்பன் உதிரிபாகங்களுக்குப் புதுப் பகுதி பிரித்தார். எல்லையைத் தப்பாகக் கொடுத்தார். தற்காலிகத் தொழிலாளர்களின் பகுதி அட்டவணையிலிருந்து காணாமல் போயிற்று.

அடுத்த வாரம் அரசாங்கத் தொழிலாளர் அதிகாரி விசாரணைக்கு வருகிறார். தொடர்ந்து வேலை செய்ததற்குப் பதிவு இருப்பவர்களுக்கு நிரந்தர வேலை. வருகையைத் துளையிட்ட பழைய அட்டைகளை, டிஸ்க் வந்த கையோடு வேலப்பன் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டிருந்தார்.

"பதிவு இல்லைன்னா இல்லைதான்" என்றார் வேலப்பன்.

"அட்டவணைல பேருதான் சார் போச்சு. உள்ள எல்லாம் அப்டியே கீது. அது மேல எதையும் எழுதாம வுட்டா எடுத்துடலாம்."

லியோனார்ட் டிஸ்க்கைத் துண்டு துண்டாகப் படிக்க ஆரம்பித்தான். குப்பைக்கு நடுவே அந்தப் பகுதியின் தொடக்கத்தைக் கண்டுபிடித்தபோது சாயங்காலமாகிவிட்டது. மறுநாள் ஆயுதபூஜை. மெஷினை அணைத்துச் சந்தனம் வைக்க வேண்டும் என்றார் வேலப்பன். லியோனார்ட் எழுந்துகொண்டான்.

விஜயதசமி காலையில் அவன் வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்க் பெட்டியின் மேல் குங்குமமும் எலுமிச்சம்பழமும் இருந்தன. அன்று புதிதாக ஏதாவது தொடங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். கடைசல் பிடிக்கும் டர்னர்கூட அன்று புது இரும்பில்தான் தொடங்குவான். வேலப்பன் தன் புதுப் பகுதியில் உதிரிபாகக் கணக்கை எழுதத் தொடங்கியிருந்தார். ஆட்களின் பெயர்கள் இருந்த அதே இடத்தில்.

லியோனார்ட் சுவரிலிருந்த சிவப்புக் கைப்பிடியை இழுத்தான். மெஷின் விளக்கெல்லாம் அணைந்து நின்றது.

"நல்ல நாளும் அதுவுமா மெஷினை நிறுத்தறியே, மூளை இருக்கா உனக்கு?"

"மேல எழுதாதேன்னு சொன்னனா இல்லியா?" குரல் தரையோடு இருந்தது. "ஆளு பேரு மேல நட்டு பேர எழுதி, அதுக்குக் கற்பூரம் வேற. வெளிய போ சார்."

"என்னய்யா மிரட்டறே?"

"போ சார்."

வேலப்பன் வாட்ச்மேன்களைக் கூப்பிடப் போனார். லியோனார்ட் கதவை உள்ளே பூட்டிவிட்டு மறுபடி மெஷினைப் போட்டான். பகுதியை ஆரம்பத்திலிருந்து படிக்கவிட்டு, அச்சு இயந்திரத்தைத் திறந்துவிட்டான். போல்ட் வந்தது. நட்டு வந்தது. வாஷர் வந்தது. பாதிப் பெயர் ஒன்று வந்தது. பிறகு ரஹீம், அவன் வேலைக்கு வந்த நாட்கள் எல்லாம் வரிசையாக.

அட்டைகள் வாங்கும் சின்ன ஜன்னலில் தேசப்பனின் முகம் தெரிந்தது. கொருக்குப்பேட்டைக்காரன். தற்காலிகமாகவே வருஷக்கணக்கில் வார்ப்புச் சாலையில் அச்சுக்கு மண் இடிக்கிறவன்.

"என்னுது வந்துச்சா மாமு?"

"ரஹீம்லேர்ந்து வருது."

"ரஹீமா? அவனுக்கு முன்னாடி சேந்தவன் நானு. அவன இட்டாந்து சேத்து வுட்டதே நான்டா!"

"அதான். மொதல்ல சேந்தவங்க பேரெல்லாம் மொதல்ல இருந்துச்சு. அது மேலதான் வேலப்பன் எழுதிட்டான்."

தேசப்பன் ஜன்னல் கட்டையில் குத்தினான். "கஸ்மாலம்! அவன் பொட்டு வெக்கணும்னா நீ இன்னாத்துக்கு எய்ந்த? இப்ப பூட்டிக்கினு குந்தினுகீறியே, அன்னிக்கே பூட்டிக்க உனுக்கு இன்னா கேடு?"

லியோனார்ட் காகிதம் சிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

வாட்ச்மேன்கள் வராந்தாவில் வந்துவிட்டார்கள். பின்னால் வேலப்பன். தேசப்பன் லியோனார்டின் பரம்பரையையே திட்டிக்கொண்டு போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றான்.

"உள்ள இன்னும் பேரு வந்துகினு கீது" என்றான் அவர்களிடம். "என்னத் தள்ளிட்டுப் போங்கடா பாக்கலாம்."