பங்காளித் தீட்டு

கமுதிப் பக்கத்தில் ஒரு கண்மாய்க்கரைக் கோயில். அதன் மடப்பள்ளிக்குப் பின்னால் ஓர் இருட்டறை. அங்கே இலைமூக்கு வௌவால்கள் குட்டி போட்டிருந்தன. என் ஆராய்ச்சியே அவைதான். ஊரில் அவற்றுக்குத் துரிஞ்சில் என்று பெயர், ஆகாத ஜென்மங்கள். வெளியே ஆலமரத்தில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால்களோ சாமியின் பிள்ளைகள். அவற்றுக்காகத் தீபாவளிக்குக்கூட அந்த ஊரில் வெடி போடமாட்டார்கள்.

வைகாசித் திருவிழாவுக்கு முன் வெள்ளையடிக்க அறையைக் காலி செய்யப்போவதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். வாசலில் சட்டி நிறையத் தணல், பக்கத்தில் ஒரு சாக்கு மிளகாய் வற்றல். புகை போட்டால் பெரியவை தப்பிவிடும். சுவரில் ஒட்டியிருக்கும், பறக்கத் தெரியாத குட்டிகள் எங்கே போகும்? ஊர்த் தலைவரிடம் கெஞ்சினேன்.

"அண்ணே, இது மத்த சின்ன வௌவாலு மாதிரி இல்ல. பரம்பரையத் தோண்டிப் பாத்தா, மரத்துல தொங்குதே, அதுக்குத்தான் கிட்டத்து உறவு. ரெண்டும் பங்காளிண்ணே."

மரபணு, கிளை, குடும்பம் என்று பக்கம் பக்கமாக எழுதியதை ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட்ட கர்வம் வேறு எனக்கு.

"பங்காளியா? அப்ப வெரட்ட வேண்டியதுதான் தாயி" என்றார். சொந்தப் பங்காளியோடு வரப்புத் தகராறில் கோர்ட்டுக்கு அலைகிறவர் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமன் மச்சான் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். என் வாயில் சனி.

ஒருவர் இரண்டு கையாலும் மிளகாயை அள்ளினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த அழுகையிலேதான் அது நாக்குக்கு வந்தது.

"பங்காளி செத்தாத் தீட்டுண்ணே! உள்ள குட்டி செத்தா மரத்துல இருக்கதுக்குத் தீட்டு. சாமி பிள்ளைகளே தீட்டோட இருக்கயில எப்படித் திருவிழாக் கும்பிடுவீக?"

சிரிப்பு நின்றது. தலைவர் மரத்தைப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"பிரிஞ்சு எம்புட்டுத் தலமொற ஆச்சு? ரொம்பத் தள்ளிப்போனாத் தீட்டுக் கெடையாதுல்ல?"

ஐந்து கோடி ஆண்டுகளுக்கு மேல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இலைமூக்கையும் லாடமூக்கு என்ற வேறொரு வௌவாலையும் ஒரே குடும்பமாக எழுதிய பழைய வகைப்பாட்டைத் தப்பு என்று மேடையேறிச் சண்டை போட்டவள் நான்.

"இன்னும் பிரியலண்ணே" என்றேன். "ஒரே அடுப்பு, ஒரே ஒலதான்."

அவர் என் முகத்தையே பார்த்தார். பொய் என்று தெரிந்திருக்கும். மிளகாய் அள்ளியவரிடம், "தணலுல தண்ணிய ஊத்துப்பா. குட்டி பறக்கட்டும், அப்பறம் வெள்ளையடிக்கலாம்" என்றார்.

மூக்கைச் சிந்திக்கொண்டே அறைக்குள் எட்டிப் பார்த்தேன். குட்டிகள் சுவரிலேயே இருந்தன.