சிரட்டையில் விழுந்த சிவப்பு எண்ணெய்

போர்ட் பிளேரில் என் கை படாத வண்டி ஏதாவது உண்டா என்று கேட்டால், அது நேற்றுக் கப்பலில் வந்து இறங்கியதாக இருக்கும் என்பேன். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். கச்சால் தீவு ரப்பர்த் தோட்டத்து லயத்திலிருந்து பதினைந்து வயதில் கப்பலேறி வந்து, ஒரு பட்டறையில் நட்டு போல்ட்டை மண்ணெண்ணெயில் கழுவ ஆரம்பித்தேன். முப்பத்தைந்து வயதுக்குள் சொந்தப் பட்டறை, ஷாதிபூரில் இந்த வீடு, எல்லாம் இந்த இரண்டு கையால் வந்தது. தெருமுனையில் வரும் ஜீப்பின் சத்தத்தைக் கேட்டு, எந்தச் சிலிண்டர் சண்டித்தனம் செய்கிறது என்று சொல்லி, ஓட்டி வந்தவரை வாய் பிளக்க வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில், ஒரு காலை, காருக்கு அடியில் சிவப்பாக நாலு சொட்டு கிடந்தது.

கார் என் மனைவியுடையது. அவளுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. கிளட்ச் மிதிக்க அந்தக் காலால் ஆகாது. நாற்பது வருடம் நானே ஓட்டினேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். பிறகு என் கண்ணில் அழுத்த நோய் வந்தது. நேரே இருப்பது தெரியும், ஓரத்தில் வருவது தெரியாது. இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வாரமே அவள், "கிளட்ச் இல்லாத வண்டி ஒண்ணு பாருங்க, நான் ஓட்டுறேன்" என்றாள். பழைய ஆட்டோமேட்டிக் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அறுபது வயதில் ஓட்டப் பழகி, லைசென்ஸ் வாங்கினாள். மார்க்கெட், கோயில், ஆஸ்பத்திரி என்று ஊருக்குள் என்னை ஏற்றிக்கொண்டு திரிந்தாள். ஊரை விட்டு வெளியே மட்டும் போனதில்லை.

சொட்டு விழுந்ததற்கு அடுத்த வாரம்தான் முதல் தடவையாகப் போகவிருந்தாள். ரங்கத்தில் அவளுடைய தங்கை புதுவீடு கட்டியிருந்தாள். புதன்கிழமை பால் காய்ச்சுவது. "நானே ஓட்டிட்டு வந்து ஒன் வாசல்ல எறங்குவேன்டி, பாத்துக்கிட்டே இரு" என்று போனில் சொன்னது சமையலறையிலிருந்து எனக்குக் கேட்டது. இத்தனை வருடமும் நான் பட்டறையை மூடும் நாளில் போய், நான் கிளம்பு என்னும்போது கிளம்பி வந்தவள் அவள். தங்கை வீட்டில் மூன்று ராத்திரி சேர்ந்தாற்போல் தங்கியதில்லை.

ரங்கத்துக்குப் போகும் சாலையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நடுவில் காட்டு மக்களின் பகுதி வருகிறது. அதற்குள் தனியாகப் போக முடியாது. வண்டிகளையெல்லாம் வரிசையாகச் சேர்த்து, முன்னே போலீஸ் வண்டி போக, கான்வாயாக விடுவார்கள். உள்ளே நிறுத்தக்கூடாது, முந்தக்கூடாது. போன் எடுக்காது. மேடும் பள்ளமும் வளைவுமாக ஏறத்தாழ இரண்டு மணி நேரம். காடு முடிந்ததும் வண்டியை ஓடத்தில் ஏற்றிக் கடலிடுக்கைத் தாண்ட வேண்டும். இதையெல்லாம் அவள் ஓட்டப்போகிறாள் என்று, ராத்திரியில் அந்த வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு கிடப்பேன். வெளியே சொல்லவில்லை.

சனிக்கிழமைதான் அந்த நாலு சொட்டு. விரலில் தொட்டுப் பார்த்தேன். இன்ஜின் ஆயில் கறுப்பு. இது சர்பத் மாதிரி சிவப்பு, வழுவழுப்பு. கியர்பாக்ஸ் எண்ணெய். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் மூட்டுக்கு நேர் கீழே சொட்டியிருந்தது. ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"எண்ணெயத் தடுக்குற உள் சீல் போயிடுச்சு. கியர்பாக்ஸை எறக்கணும். சீல் மெயின்லேண்டுலருந்து வரணும். மூணு வாரம் ஆகும்."

அவள் முகம் வாடியது. எனக்கோ உள்ளுக்குள் ஏதோ இளகியது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: எனக்கு நிம்மதியாக இருந்தது.

"டாக்சி பிடிச்சுப் போவோம் புள்ள" என்றேன்.

"நீங்க போங்க டாக்சியில" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு திரும்பி வந்து, சிமெண்டுத் தரை பாழாகாமல் இருக்க, சொட்டு விழும் இடத்தில் வைத்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற தெலுங்குக்காரர். எங்கள் தீவுத் தமிழில் பாதி இந்தி, அவருடையதில் முக்கால் இந்தி. மெக்கானிக்கான என்னை மிஸ்திரி என்பார். மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"க்யா மிஸ்திரி, டாக்டர் வீட்லயே பீமாரா?"

"டாக்டர் இருக்காரு, நோவுக்கு மருந்துதான் கப்பல்ல வரணும்" என்றேன்.

"அரே, பஹானா!" என்று சிரித்தார். சாக்குப் போக்காம். மனிதர் விளையாட்டாகச் சொன்னதுதான். எனக்குச் சுருக்கென்றது.

ஞாயிறு காலை சிரட்டையில் இரண்டு கரண்டி எண்ணெய் சேர்ந்திருந்தது. அவள் சுவரைப் பிடித்துக் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளும் கச்சால்காரிதான். அவள் அம்மாவும் என் அப்பாவும் ஒரே மலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள்.

"என்னங்க, நீங்க பால் வெட்டுன ஆளுதானே?"

"என் அளவுக்கு அங்க எவன் வெட்டுனான்?"

"செரட்ட இருந்த எடத்துலயா மரத்த வெட்டுனீங்க?"

ரப்பர் மரத்தில் வெட்டு மேலே இருக்கும். பால் பட்டையில் கோடாக இறங்கிச் சுற்றி வந்து, கீழே கட்டிய சிரட்டையில் சொட்டும். சிரட்டையைப் பார்த்து வெட்டு எங்கே என்று சொல்ல முடியாது.

"இது மரம் இல்ல புள்ள. கியர்பாக்ஸ்."

"எண்ணெயும் மேலருந்து கீழதானே வுழுது? கழுவித் தொடச்சுட்டுப் பாருங்க. பாக்கறதுக்கு என்னா?"

முன் சக்கரங்களை இரண்டு படாக் மரக்கட்டைகளின் மேல் ஏற்றச் சொன்னேன். அங்குலம் அங்குலமாக ஏற்றினாள். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். கியர்பாக்ஸைப் பெட்ரோல் துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டேன். பிறகு அவளுடைய முகப்பவுடர் டப்பாவை வாங்கி, எண்ணெய் வரும் வழி தெரிய எட்டிய இடமெல்லாம் தூவினேன்.

"இவ்வளவு பவுடர் என் கல்யாணத்துக்குக்கூட போடல" என்றாள்.

அவள் பிரேக்கை மிதித்துக்கொண்டு இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டாள். நான் கியரை மாற்றச் சொல்லச் சொல்ல மாற்றினாள். அணைத்ததும் சாவியை உருவி என்னிடம் கொடுத்தாள். என் பட்டறையில் இது சட்டம். வண்டிக்கு அடியில் போகிறவன் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போவான். எத்தனையோ பேரைத் திட்டித் திட்டி இதைப் பழக்கினேன். அவளுக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

டார்ச்சோடு மல்லாந்து உள்ளே நகர்ந்தேன். நேரே பார்ப்பதற்கு என் கண்ணுக்கு இன்னும் குறையில்லை. மூட்டில் பவுடர் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. டார்ச்சை மேலே கொண்டுபோனேன். கியர்பாக்ஸ் எண்ணெய் குளிர்வதற்காக ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் வாயில் கிளிப் துருப்பிடித்து அரித்துப்போயிருந்தது. கடல்காற்று செய்த வேலை. அங்கேயிருந்து வெள்ளைப் பவுடரில் சிவப்பாக ஒரே கோடு, பட்டையில் பால் இறங்குவதுபோல உறையைச் சுற்றி வளைந்து, அடிமூட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

சீல் நன்றாக இருக்கிறது. கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். கப்பலும் வேண்டாம். ஒரு முழ ஹோஸும் இரண்டு கிளிப்பும் போதும்.

"என்னங்க, தெரியுதா?"

"இருட்டா இருக்கு."

"டார்ச் கையிலதானே இருக்கு?"

சீல்தான் என்று சொன்னால் முடிந்தது. என் சொல்லுக்கு மேல் வண்டி விஷயத்தில் இந்த வீட்டில் சொல் கிடையாது. தலையைத் திருப்பினேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவளின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. இடது காலில், நான் பழைய சீட் பெல்ட்டை வெட்டி வார் தைத்துக் கொடுத்த செருப்பு. வார் இல்லாவிட்டால் அந்தக் காலில் செருப்பு நிற்காது. அது அசையாமல் இருந்தது. வலது பாதம் சும்மா இல்லை. குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தை அழுத்தியது, விட்டது, பக்கத்தில் நகர்த்தி மெல்ல அழுத்தியது, மறுபடி பழைய இடத்துக்கு வந்து அழுத்தியது. பிரேக், ஆக்சிலரேட்டர், பிரேக். உட்கார்ந்த இடத்திலேயே அவள் காட்டுப்பாதையை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"ஹோஸ்தான் புள்ள. சீல் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

பாதம் நின்றது. "எத்தன நாளு ஆவும்?"

"நாளாவது? சாயங்கால டீக்கு முன்னாடி."

வெளியே வந்து, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

எண்ணெய் தாங்கும் ஹோஸை என் பழைய பட்டறையிலிருந்தே எடுத்து வந்தேன். ரப்பரை வளைத்துப் பார்த்தே அதன் வயதைச் சொல்லுவேன். ரப்பர் பாலில் வளர்ந்த உடம்பு இது. இரண்டு புதுக் கிளிப்பை அளவாக முறுக்கினேன். முறுக்கித் தள்ளினால் ரப்பர் வெட்டுப்படும். வண்டியைக் கட்டையிலிருந்து சமதரைக்கு இறக்கி, இன்ஜின் சூடானதும் குறைந்திருந்த எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அளவுக்குச்சியில் மேல் கோட்டுக்கு மயிரிழை கீழே நிறுத்தினேன். அன்று சாயங்காலமும் திங்கள் முழுவதும் ஊருக்குள் ஓட்டிப் பார்த்தாள். சிரட்டை காய்ந்தே கிடந்தது.

மதிலுக்கு மேல் தெலுங்குக்காரர் தலை வந்தது. "அசலி மிஸ்திரி யாரு, நீயா பாபியா?"

"பாபிதான், என் வீட்டுக்காரிதான் அசல் மிஸ்திரி" என்று ஒப்புக்கொண்டேன். மனிதருக்குச் சப்பென்று போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக் கான்வாயில் எங்கள் வண்டி ஏழாவது. உள்ளே நுழைந்ததிலிருந்து எண்ணெய் கருகும் வாசனை வருகிறதா என்று மோந்துகொண்டே வந்தேன்.

"மூக்க இழுக்காதீங்க. சளி புடிச்ச மாதிரி இருக்கு."

வளைவுகளில் என் கால் என்னை அறியாமல் வெறும் தரையை மிதித்தது. அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த வளைவைத் திருப்பினாள். ஓடத்தில் ஏற்றும்போது ஆள் "ஆவோ, ஆவோ" என்று கையசைக்க, "லெஃப்ட்" என்று கத்தப்போன வாயை மூடிக்கொண்டு இரண்டு கையையும் முட்டியின்மேல் வைத்துக்கொண்டேன். கோடு போட்டாற்போல் ஏற்றி நிறுத்தினாள்.

ஓடம் நகர்ந்தது. அவள் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"மொத நாளு சீலுன்னு சொன்னப்ப ஒங்க மொகத்துல ஒரு சந்தோசம் இருந்திச்சு."

"எங்க இருந்திச்சு?"

"பெரிய வேல வந்தா ஒங்களுக்கு எரிச்சல்தான் வரும். அன்னிக்கு வரல."

இத்தனை வருடத்தில் அவளிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். "பயமா இருந்திச்சு புள்ள."

"எனக்கும்தான்" என்றாள். கரை வந்ததும் வண்டியைக் கிளப்பினாள்.

ரங்கத்தில் கார் நின்றதும் தங்கை ஓடிவந்தாள். வழக்கப்படி இடது பக்கக் கதவைத் திறந்து, "அக்கா!" என்று கையை நீட்டினாள். உள்ளே நான் உட்கார்ந்திருந்தேன்.

"ஐயோ மாமா! அக்கா எங்க?"

"அந்தப் பக்கம் போய்க் கதவைத் தொற. ஓட்டிக்கிட்டு வந்தது உங்கக்கா."

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். வந்திருந்த உறவுக்காரர்களிடமெல்லாம், கான்வாயில் ஏழாவது வண்டி, ஒரு உரசல் கிடையாது, ஓடத்தில் ஒரே தடவையில் ஏற்றினாள் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

சாப்பிட உட்காரும் முன் காருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். தரையில் ஈரம். விரலை வைத்து எடுத்தேன். நிறமில்லை, வழுக்கவில்லை, வாசனை இல்லை. ஏசியிலிருந்து வடிந்த தண்ணீர்.

"என்னங்க, சொட்டுதா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வெறும் தண்ணிதான் புள்ள. நீ எத்தன நாள் வேணும்னாலும் இரு."