மாமாவுக்குப் போட்ட அம்புக்குறிகள்

உங்கள் வீட்டில் செத்துப்போனவர்கள் யார் யார்? முறைக்காதீர்கள். பலெர்மோவில் ஒக்டோபர் முடிகிற நேரத்தில் சின்னப்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் சர்வசாதாரணமாகக் கேட்கிற கேள்வி இது. உங்கள் கிரிக்கெட் ரீமில் யார் யார் என்பதுபோலக் கேட்பார்கள். பதிலும் அதே பெருமையோடுதான் வரும்.

என்னைக் கேட்டவள் ரொசாலியா. சீசா என்கிற பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் அவள் வீடு இரண்டாம் மாடி, எங்கள் வீடு நாலாம் மாடி. பள்ளிக்கூடத்திலும் ஒரே வகுப்பு. தனக்கு ஒரு தாத்தா, ஒரு பெரியம்மா, கப்பலில் வேலை செய்த ஒரு சித்தப்பா என்று அடுக்கினாள். போன வருடம் தாத்தா சைக்கிள் கொண்டுவந்தாராம். செத்த தாத்தாவா என்று கேட்டேன். பின்னே வேறு எந்தத் தாத்தா என்பதுபோல் பார்த்தாள்.

விஷயம் இதுதான். சிசிலியில் நவம்பர் இரண்டாம் திகதி செத்தவர்களின் நாள். அன்று விடியமுன் குடும்பத்தில் இறந்துபோனவர்கள் வந்து பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானும் இனிப்பும் வைத்துவிட்டுப் போவார்கள். தண்டனையும் உண்டு. குழப்படி செய்த பிள்ளைகளின் உள்ளங்காலைச் சீஸ் துருவியால் துருவிவிடுவார்கள். ஆகவே அதற்கு முன்னமே வீட்டில் இருக்கிற துருவியை ஒளித்துவைத்துவிட வேண்டும். பின்னாளில் யூனிவர்சிற்றியில் ஒரு பேராசிரியர் இதை முழுப் பாடமாக நடத்தி எங்களை நித்திரையாக்கினார். ரொசாலியா படியில் குந்தியிருந்து ஒரு பாண் துண்டு சாப்பிட்டு முடிக்கிறதுக்குள் விளக்கிவிட்டாள்.

எனக்கு இதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் செத்தவர்களுக்கு நாங்கள் படைத்தோம். அவர்கள் காகமாக வந்து சாப்பிட்டுவிட்டுப் பறந்துவிட்டார்கள். இங்கே திருப்பித் தருகிறார்கள். நல்ல ஊர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அப்பா முன்னமே வந்து ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். எங்களுக்கும் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கிடைத்து, தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆடி வெயிலில் அம்மாவும் நானும் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் ஸ்டேஷனில் பெட்டிகளோடு இறங்கினோம். அப்பா எங்களை பஸ்ஸில் ஏற்றி, நகரத்தைப் பற்றிப் பெருமையாகக் கதைத்துக் கதைத்தே கடற்கரையில் கொண்டுபோய் இறக்கினார். எங்களுக்கு ஊர் சுற்றிக் காட்டத்தான் அப்படி வந்தது என்று இன்றுவரை சாதிக்கிறார்.

அடுத்த பாடம் றோட்டைக் கடப்பது. வாகனம் நிற்கும் என்று பலெர்மோவில் காத்திருந்தால் கரையிலேயே நரைத்துவிடலாம். அம்மா ஒரு வழி கண்டுபிடித்தா. யாராவது கன்னியாஸ்திரி வரும்வரை நின்று, அவவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு கடப்பது. வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசமே தொடாத என் அம்மா கன்னியாஸ்திரிகளை அவ்வளவு பக்தியோடு தேடியதை அங்கேதான் பார்த்தேன். லிபெர்த்தா றோட்டில் ஒரு பணக்காரச் சிஞோராவின் வீட்டில் அவவுக்கு வீட்டுவேலை கிடைத்தது. இறங்க வேண்டிய பஸ் தரிப்பை அங்கே இருந்த பூக்கடையை வைத்து அடையாளம் பிடித்திருந்தா. பூக்கடைக்காரன் கடையைப் பூட்டிவிட்டு லீவில் போன நாளில் கடைசித் தரிப்புவரை போய், பஸ் சாரதியோடு சேர்ந்து திரும்பி வந்தா.

நான் மட்டும் படுவேகமாகத் தேறினேன். ஒக்டோபருக்குள் பாண் கடையிலும் தபால் கந்தோரிலும் வீட்டின் வெளிவிவகார அமைச்சர் நான்தான். ஆகவே எனக்கும் ஒரு செத்தவர் அவசரமாகத் தேவைப்பட்டார். லீவு முடிந்து வகுப்பில் எல்லோரும் தங்கள் தங்கள் சாமானைச் சொல்லும்போது நான் வெறுங்கையோடு நிற்க முடியுமா? செத்தவர்களே இல்லாத குடும்பம் என்று ஒருமுறை பெயர் எடுத்துவிட்டால் பிறகு எப்படித் தலைகாட்டுவது?

செத்தவர் என்று பார்த்தால் அப்பாவின் அப்பா, அப்பப்பா, இருந்தார்தான். ஆனால் அவர் கொழும்புக்குப் போகவே நடுங்கியவர் என்று அப்பா சொல்லியிருக்கிறார். தெரியாத நகரம், தெரியாத பாஷை. ஸ்டேஷனிலிருந்து சீசாவுக்கு வர அப்பாவாலேயே முடியவில்லை, அப்பப்பாவால் எங்கே முடியும். இதற்குச் சரியான ஆள் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. சைக்கிள் பாரில் என்னை வைத்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றியவர். எந்த ஊரில் விட்டாலும் வழியில் போகிற ஒருவரைப் பிடித்துக் கதைத்து, கொஞ்ச நேரத்தில் அவருடைய வீட்டிலேயே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்.

மாமா செத்துவிட்டார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகவே துப்புத் துலக்கினேன். ஊரில் ஒருநாள் சைக்கிளில் கடைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அம்மா ஆமிக் காம்ப் வாசல்களில் போய் நின்றா. அதற்குப் பிறகு அவருடைய பெயர் வந்தால் பெரியவர்கள் குரலைத் தணித்தார்கள், நான் உள்ளே வந்தால் கதையை மாற்றினார்கள். எல்லாவற்றையும் ரொசாலியாவிடம் ஒப்படைத்தேன். இந்த விஷயத்தில் அவள் பழுத்த அனுபவசாலி. “மோர்த்தோ,” என்று தீர்ப்புச் சொன்னாள். செத்தவர்தான். எனக்கு ஒரே சந்தோஷம்.

மாமாவிடம் நான் எதிர்பார்த்தது சில்லுப் பூட்டிய சப்பாத்து. இத்தாலியனில் அதைப் பாத்தினி என்பார்கள். பிள்ளைக்குப் பத்தினி வேண்டுமாம் என்று அப்பா ஏன் தனக்குள் சிரித்தார் என்பது விளங்க எனக்குப் பல வருடம் பிடித்தது.

மாமா எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் முதன்முதலாக வருகிற நகரத்தில் கொஞ்சம் உதவி வேண்டும்தானே. பள்ளிக்கூடத்துச் சோக்குக் கட்டியால் கேற்றிலிருந்து எங்கள் கதவுவரை படிக்குப் படி அம்புக்குறி கீறினேன். மாறி ரொசாலியா வீட்டுக்குள் நுழைந்து என் சப்பாத்தை அவளுக்குக் கொடுத்துவிடாமல் இருக்க, அவள் கதவடியில் ஒரு பெரிய பெருக்கல் குறி. அப்பா வேலையால் வந்து, கரண்டுக்காரர் ஏதோ தொடங்கப் போகிறார்கள் போலக் கிடக்கு என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

பிறகு துருவி. எங்கள் வீட்டில் சீஸ் துருவி இல்லை. அதைவிடப் பயங்கரமான ஒன்று இருந்தது. தேங்காய் திருவுகிற திருவலை. அம்மா அதை யாழ்ப்பாணத்திலிருந்து சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் கொண்டுவந்திருந்தா. விமான நிலையத்தில் ஒரு அதிகாரி அந்தப் பல்லு வைத்த இரும்பைத் தூக்கிப் பார்த்து, இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்ட, இரண்டு பேரும் அம்மாவை ஒரு புது மரியாதையோடு பார்த்தார்கள். என் குழப்படிக் கணக்குக்கு அந்தத் திருவலை மாமாவின் கையில் அகப்பட்டால் கால் மிஞ்சாது. பல்கனியில் நின்ற நீலத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் அதைச் செருகிவிட்டேன்.

நவம்பர் முதலாம் திகதி எல்லோருக்கும் லீவு. சந்தையில் நல்ல தேங்காய் கிடைத்த சந்தோஷத்தில் அம்மா புட்டுக்கு மா குழைத்து, தேங்காயை உடைத்து, பாதியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியைத் தலைகீழாகப் புரட்டினா.

“இஞ்சேருங்கோ, திருவலையைக் கண்டனீங்களே?”

“அதை ஆர் எடுக்கப்போகினம்? இஞ்சை உள்ளவைக்கு அது என்னெண்டே தெரியாது,” என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வந்ததால் அகப்பட்டுக்கொண்டேன். எங்கே, ஏன் என்று எல்லாம் சொன்னேன். அப்பா சுவரோடு சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“சரி, எங்கட ஆக்களிலை ஆர் வரப்போகினம்?”

“மாமா.”

அப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அம்மா தேங்காய்ப் பாதியை மேசையில் வைத்தா. அது இரண்டு பக்கமும் ஆடி ஆடி ஓய்ந்தது.

“மாமா வரமாட்டார்,” என்றா அம்மா. “செத்த ஆக்கள்தானே வருவினம். அவர் உயிரோடை இருக்கிறார்.”

“அப்ப ஏன் காயிதம் போடேல்லை?”

“போடுவார்.”

“எப்ப?”

“காணும், விடு பிள்ளை,” என்றார் அப்பா.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். மாமா உயிரோடு இருப்பது என்னைப் பொறுத்தவரை பெரிய நட்டம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த என்னிடம் அப்பா சமாதானத்துக்கு வந்தார். அப்பப்பா வருவார் என்றார்.

“அவர் கொழும்புக்கே பயந்தவர் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“அது உயிரோடை இருக்கேக்கை. இப்ப அவருக்கு என்ன பயம்? உன்ரை அம்புக்குறியும் கிடக்குத்தானே.”

அப்பா எப்போதோ கண்டுபிடித்திருக்கிறார். அம்மாவுக்கு அப்போதுதான் தெரியும். ஆருக்குக் கீறினது என்று கேட்டா. சொன்னேன். வாளியில் தண்ணீர் பிடித்து, இரண்டு துணி எடுத்து, ஒன்றை என் கையில் தந்தா.

கேற்றிலிருந்து தொடங்கினோம். நான் துடைத்த படியை அம்மா முழங்காலில் இருந்து திரும்பவும் துடைத்தா. ஒரு வெள்ளைக் கோடு மிஞ்சவில்லை. இரண்டாம் மாடிக்கு வந்தபோது ரொசாலியாவின் அம்மா கதவைத் திறந்து, விடுங்கோ, பிள்ளைகள்தானே, நானே கழுவிவிடுகிறேன் என்றா. அம்மா சி, கிராசியே, ஓம், நன்றி என்று சொல்லிக்கொண்டே உரஞ்சினா. தாய்க்குப் பின்னால் ரொசாலியா எட்டிப் பார்த்தாள். அவளிடம் நான் பிழையைத் திருத்தியே ஆகவேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. மாமா சாகவில்லை, வரப்போவது அப்பப்பா என்றேன். நிச்சயமாகவா என்று அவள் கேட்டாள். அம்மாவைப் பார்த்தேன்.

“எ வீவோ,” என்றா அம்மா, ஈரத் துணியோடு நிமிர்ந்து. “மியோ ஃப்ரத்தெல்லோ எ வீவோ.” என் தம்பி உயிரோடு இருக்கிறான். அம்மா இத்தாலியனில் ஒரு முழு வசனத்தைப் பிழையில்லாமல் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தரம்.

மேலே வந்ததும் புட்டையும் அவிக்காமல் உடுப்பு மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டா. எங்கே என்று கேட்டதற்கு வாறன் என்று மட்டும் பதில். பல்கனியிலிருந்து பார்த்தேன். றோட்டில் ஒரு கன்னியாஸ்திரியும் இல்லை. அம்மா வலது கையை உயர்த்திக்கொண்டு நேரே இறங்கி நடந்தா. ஒரு வெஸ்பாக்காரன் கத்தினான், ஒரு கார் கிரீச்சிட்டது, எல்லாம் நின்றன. அப்பாவும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பின்னேரம் ஒரு பெரிய பையோடு திரும்பி வந்து, பைக்குள்ளை ஊத்தை உடுப்பு, கிட்ட வராதை என்றா.

விடிய மேசையில் சில்லுச் சப்பாத்து இருந்தது. ரோஸ் நிறம், ஒரு பக்கத்து வாருக்குப் பதிலாகக் கறுப்பு நாடா. பக்கத்தில் பாதாம் மாவில் செய்த மாம்பழம், தோடம்பழம், அத்திப்பழம். சப்பாத்து எனக்குப் படுபெரிசு.

“அப்பப்பா உன்னைக் கண்டதே இல்லை, அளவு தெரியாமல் வாங்கிப்போட்டார்,” என்றார் அப்பா.

மூன்று சோடி காலுறை போட்டு நிரப்பிக்கொண்டு நடை முழுக்க உருண்டேன், கதவில் மோதினேன், திரும்ப உருண்டேன். அப்பப்பா ஸ்டேஷனிலிருந்து தனியாகவே வீட்டைக் கண்டுபிடித்தார் என்று வகுப்பில் அளந்துவிட்டேன். எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று.

லீவு நாளில் அம்மா லிபெர்த்தாவரை தனியாகப் போய் சிஞோராவின் கதவைத் தட்டியதும், பேத்தியின் பழைய சப்பாத்தைக் கேட்டு வாங்கியதும் பிறகு அப்பா சொல்லித்தான் தெரியும். யாரிடமும் ஒன்றும் கேட்காத அம்மா எனக்காகக் கேட்டிருக்கிறா என்று கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுக்காரர் ஏசுவார்கள் என்ற பயத்தில்தான் படியை அப்படி உரஞ்சினா என்றும் நினைத்தேன். அன்று காலையில் வேறு யாராவது ஒரு செத்தவர் கட்டாயம் எங்கள் வீட்டுக்கு வந்தே ஆகவேண்டியிருந்தது, இல்லாவிட்டால் அந்த இடத்தில் மாமா நிற்பார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

பதினைந்து வருடம் ஓடிவிட்டது. அம்மாவின் கணக்கில் மாமாவுக்கு இப்போது முப்பத்தாறு வயது.