சொல்பேச்சு என்றொரு கோப்பு

சென்ற மாதம் வில்லியனூரில், பாயின் நெல் கடைக் கணினியில் ஒரு கோப்பைத் திறந்து பார்த்தேன். இருபது வரிகூடத் தேறாத சின்னக் கோப்பு. அதில் ஒரு வரி ‘சணல் = 0,6’ என்று இருந்தது. சணல் சாக்கின் எடை அறுநூறு கிராம் என்று அர்த்தம். பூஜ்ஜியத்துக்கும் ஆறுக்கும் நடுவே புள்ளி அல்லவா இருக்க வேண்டும், காற்புள்ளி எப்படி வந்தது என்று யாரும் கேட்பார்கள். எனக்கோ அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. நான் ஜெயித்த நாள் எது என்று கேட்டால் அந்தக் காற்புள்ளியைத்தான் காட்டுவேன்.

பாய் நெல் வியாபாரி. பாகூர்ப் பக்கத்து விவசாயிகளில் பலர், என் அப்பா உட்பட, அறுவடை முடிந்ததும் அவர் கடைக்குத்தான் நெல் ஏற்றுவார்கள். மின்னணுத் தராசு வாங்கியவர் அதைக் கணினியோடு இணைத்துத் தர ஆள் தேடியபோது, படிப்பு முடித்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த என்னை அப்பா கொண்டுபோய் நிறுத்தினார். தராசு காட்டும் எடையை வாங்கி, அதில் சாக்கின் எடையையும் ஈரத்துக்கு உரியதையும் கழித்து, சீட்டு அச்சடித்துத் தரும் மென்பொருள் ஒன்றை எழுதினேன். நான் எழுதிய முதல் மென்பொருள் அதுதான். “பாய் கடையில எடை போடறது என் பொண்ணுதான்” என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மூட்டை தூக்கவா இவ்வளவு படிக்க வைத்தாய் என்று அவரிடம் துக்கம் விசாரித்தவர்களும் உண்டு.

பாய்க்கு வாய் அதிகம். யாரையாவது கேலி செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவரிடம் அதிகம் மாட்டிக்கொண்டவர் அவருடைய தம்பி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து அங்கேயே குடியமர்ந்துவிட்டவர்; எங்கள் பக்கத்துப் பேச்சில் சொல்தா. உடம்பு ஏறிவிடக் கூடாது என்று தினமும் எடை பார்ப்பவர், அண்ணனிடம் போனில் “எழுவத்தெட்டு விர்கூல் அஞ்சு” என்பார். பாய் போனை வைத்துவிட்டு என்னிடம் சொல்லிச் சிரிப்பார். “அந்த ஊர்ல புள்ளி வெக்கற எடத்துல கமா வெக்கறானுங்க பாப்பா. அதுக்குப் பேரு விர்கூலாம். இவனும் புள்ளிய மறந்துட்டான். இன்னும் கொஞ்ச நாள்ல என்னையும் மறந்துடுவான்.”

மென்பொருள் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் சாக்கின் எடை, ஈரத்தின் அளவு எல்லாவற்றையும் நான் மென்பொருளுக்கு உள்ளேயே எழுதிப் பூட்டியிருந்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கு புதிதாக வந்ததும் பாய் கூப்பிட்டார். பாகூரிலிருந்து ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரே ஒரு எண்ணை மாற்றி, மென்பொருளைத் திரும்ப உருவாக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். மழை பெய்து நெல் ஈரமாக வந்தது. மறுபடி கூப்பிட்டார், மறுபடி போனேன். மூன்றாம் முறை தொப்பலாக நனைந்துபோய் நின்ற என்னைப் பார்த்து பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. “ஒரு சாக்குக்காக நீ பாகூர்லேர்ந்து வரணுமா? சாக்க நான் மாத்தறேன். அது எவ்ளோ எடைன்னு நான் சொன்னா இந்தப் பொட்டி கேக்காதா? என் சொல்பேச்சு கேக்காத பொட்டி எனக்கு எதுக்கு?”

அவர் சொன்னது என்னைச் சுட்டது. வீட்டுக்கு வந்து எல்லா எண்களையும் வெளியே எடுத்து ஒரு தனிக் கோப்பில் வைத்தேன். ஒரு வரிக்கு ஒரு சங்கதி. இடது பக்கம் பெயர், நடுவில் சமக்குறி, வலது பக்கம் எண். மென்பொருள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முதலில் அந்தக் கோப்பைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். கோப்புக்கு ‘சொல்பேச்சு’ என்றே பெயர் வைத்தேன். பாய் முதல் நாளே ஒரு எண்ணை மாற்றிச் சேமித்து, மென்பொருளை மூடித் திறந்து, சீட்டில் அது மாறியிருப்பதைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். வரியின் தொடக்கத்தில் # போட்டால் மென்பொருள் அந்த வரியைக் கண்டுகொள்ளாது, உங்களுக்கு வேண்டிய குறிப்பை எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ‘# ஈர நெல்லு கொண்டாந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிடு’ என்று உடனே எழுதினார். இன்னொன்றும் கேட்டார். “தப்புன்னா எந்த எடத்துல தப்புன்னு சொல்லச் சொல்லு. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு நிக்கக் கூடாது.” அதையும் செய்தேன்.

எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. பாயிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது அவர் முதலில் வாழ்த்தினார், பிறகு ஒரு நிபந்தனை வைத்தார். “நீ இல்லாம இது ஓடணும். அறுவட நேரத்துல ஒரு நாள் படுத்துக்கினாலும் தூக்கிப் பரண்மேல போட்டுட்டு பழைய தராச எறக்கிடுவேன். ஜனத்த நிக்க வெக்க முடியாது பாப்பா.” விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. சென்னையில் புது வேலையில் என் பெயர் சொல்ல ஒன்றுமில்லை. நான் செய்தது என்று உலகத்தில் இருந்ததெல்லாம் அந்தக் கடையில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றுதான். அது பரணுக்குப் போனால் அப்பா பாகூரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்றும் பயந்தேன்.

தை மாதம், அறுவடையின் உச்சம். காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தபோது பாய் கூப்பிட்டார். மழைக்காலத்தில் இடி விழுந்து பழைய கணினி போய்விட்டதாம். வேறொரு கணினி வைத்து, நான் சொல்லியிருந்தபடி கடைச் சாவிக்கொத்தில் மாட்டி வைத்திருந்த பென்டிரைவிலிருந்து மென்பொருளை இன்றுதான் அவரே அதில் ஏற்றியிருக்கிறார். இப்போது திறக்க மறுக்கிறது. “சணல் வரியில் உள்ள எண் புரியவில்லைன்னு சொல்லுது பாப்பா. ஆறு டிராக்டர் நிக்குது. உங்கப்பாவும் வந்து குந்திக்கினு கீறாரு, என் மூஞ்சியவே பாத்துக்கினு.”

மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கோப்பைத் திறந்து படிக்கச் சொன்னேன். “சணல், சமம், சைபர் புள்ளி ஆறு.” சரியாகத்தான் இருந்தது. எண்ணை அழித்துவிட்டுத் திரும்ப அடிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் தடவிவிட்டு எரிச்சலானார்.

“இந்தக் கீபோர்டுல எழுத்தெல்லாம் எடம் மாறிக் கெடக்குது. க்யூ இருக்க வேண்டிய எடத்துல ஏ குந்திக்கினு கீது. புள்ளி எங்கன்னே தெரியல.”

“இது ஏது கம்ப்யூட்டர் பாய்?”

“தம்பி லீவுக்கு வந்தப்போ வுட்டுட்டுப் போனான். இன்னாத்துக்கு கேக்கற?”

“பாய், உங்க தம்பி எடைய எப்படிச் சொல்லுவாரு?”

பாய் மெதுவாக, பிடித்திருக்கும் பேய் எது என்று கண்டுபிடித்தவர் மாதிரி சொன்னார்: “விர்கூல்.”

அதேதான். பிரான்ஸிலிருந்து வந்த கணினி எண்களை அந்த நாட்டு வழக்கப்படிதான் படிக்கும். என் மென்பொருளும் அதை நம்பித்தான் எண்ணைப் படித்தது. அந்த ஊரில் 0.6 என்பது எண்ணே இல்லை. கணினியின் வழக்கத்தை மாற்றலாம்தான், ஆனால் அதற்கான திரைகள் எல்லாம் பிரெஞ்சில் கிடந்தன. இங்கே மாற்ற வேண்டியது நாலைந்து புள்ளிகள். அவை மென்பொருளுக்கு உள்ளே இல்லை, பாயின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. “புள்ளி இருக்கற எடத்துல எல்லாம் கமா வைங்க பாய்” என்றேன். அவர் ஒவ்வொன்றாக வாயால் சொல்லிக்கொண்டே மாற்றினார். சணல், சைபர் விர்கூல் ஆறு. வெள்ளை, சைபர் விர்கூல் ஒன்று. சேமித்தார். திறந்தார். நூறு மைலுக்கு அப்பால் அச்சுப்பொறி கரகரவென்று சீட்டைத் துப்பும் சத்தம் போன் வழியாகக் கேட்டது. அதன்மேல் அப்பாவின் குரல்: “பாத்தியா, நான்தான் சொன்னன்ல?” அவர் யாரிடம் என்ன சொல்லியிருந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படியில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். மேலே ஏறி வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது, எந்த நாட்டுக் கணினியாக இருந்தாலும் புள்ளியையும் காற்புள்ளியையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்படி மென்பொருளைத் திருத்தினேன். அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய மென்பொருள்களில் வேலை பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் இந்த மாதிரிக் கோப்பிலிருந்து அமைப்புகளைப் படிக்கும் பகுதியை நானே கேட்டு வாங்கி எழுதுகிறேன். கூட இருப்பவர்கள் அதைச் சில்லறை வேலை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

இப்போது கடையைப் பார்ப்பது பாயின் மகள். பாய் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்களைக் கேலி செய்கிறார். சென்ற மாதம் நான் கோப்பைத் திறந்ததும் மகள் எட்டிப் பார்த்தாள். “அக்கா, இப்போ கம்ப்யூட்டரும் புதுசு. அந்தக் கமாவ புள்ளியா மாத்திடலாமே?”

“கைய வச்சே, ஒடிச்சிடுவேன்” என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

சணல் வரிக்கு அடுத்த வரியை நான் முதலில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்றைக்கு டிராக்டர்கள் எல்லாம் போன பிறகு பாய் தானே உட்கார்ந்து அடித்த வரி அது. மென்பொருள் கண்டுகொள்ளாத வரி, கடைக் கணினியில் உட்காருகிறவர்கள் படிப்பதற்கான வரி:

‘# இது விர்கூல். ஓடுது. பாப்பாவ கூப்புடாதே.’